அப்பத்தாவின் ஊசிக்கூடாக இருந்த தோட்டா

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பாட்டையா கட்டிய வீட்டில், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுள் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, உரிய அறையைச் சென்ற தை மாதம் ஒழித்துச் சுத்தம் செய்தோம். பர்மாத் தேக்கில் செய்த பெட்டகத்தின் அடித்தட்டில், பழைய பட்டுக் கிழிசலில் சுற்றிய பித்தளைக் கூடு ஒன்று கிடைத்தது. வாயைத் தக்கையால் அடைத்திருந்தது. உள்ளே துருவேறிய ஊசிகள் ஏழெட்டு இருந்தன. அப்பத்தா ஊசி போட்டு வைத்துக்கொள்ளும் அந்தக் கூட்டை எனக்குச் சிறுவயது முதலே தெரியும். அது சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு என்பது, கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து துப்பாக்கியைத் தொட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

அதே தட்டில், கழுத்தோரம் வெடிப்பு விட்ட இன்னொரு கூடும், நசுங்கிய ஈயக் கட்டிகள் இரண்டும் இருந்தன. எங்கள் ஊருணியை முன்னொரு காலத்தில் தூர்வாரியபோது கிழக்குக் கரை மண்ணிலிருந்து எடுத்தவை அந்தக் கட்டிகள் என்று பெரியப்பச்சி (பெரியப்பா) சொன்னார்கள். பாட்டையா அங்கே குறிபார்த்துச் சுட்டுப் பழகுவார்களாம். சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதையையும் மறுபடி சொன்னார்கள்: "ஒரு மைல் தூரத்தில் நின்ற மானைப் பாட்டையா ஒரே தோட்டாவில் விழுத்தினார்களப்பா. அந்தக் காலத்துத் தோட்டாவின் வலு அப்படி."

நாற்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கதையைக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. வலுவும் தூரமும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். பழைய தோட்டாக்களை அறிய முற்படும் எவரும் முதலில் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருந்தையும் குண்டையும் ஒரு கூட்டில் அடைத்தால் அது தோட்டா. அப்பத்தாவின் ஊசிக்கூட்டை அளந்தேன். நீளம் ஏறத்தாழ 60 மி.மீ.; அடிப்பக்கம் பெருவிரலைவிடத் தடித்து, தோளுக்கு மேல் திடீரென ஒடுங்கிக் குப்பியின் கழுத்தைப் போல் முடிகிறது. பிரிட்டிஷ் படை 1871-இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு உரிய .577/450 தோட்டா இது. அடியில் .577 அங்குலத் தோட்டாவின் உடல், வாயில் .450 அங்குலக் குண்டு என்பதே அந்த இரட்டை எண்ணின் பொருள். முதலில் இந்தக் கூடுகளை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வில்லை பொருத்திச் செய்தார்கள். சுட்ட சூட்டில் தகடு குழலுக்குள் ஒட்டிக்கொண்டு, கூட்டை வெளியே இழுக்கும்போது அடி மட்டும் கிழிந்து வருவதாகச் சூடான் போர்க்களத்திலிருந்து புகார்கள் வந்தன. பின்னர் ஒரே பித்தளைத் துண்டை அழுத்தி இழுத்துக் கூடாக்கும் முறை வந்தது. எங்கள் வீட்டில் உள்ளவை இரண்டும் அந்தப் பிந்திய வகையைச் சேர்ந்தவை.

குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வது துப்பாக்கி உலகின் வழக்கம். செட்டிநாட்டில் பொன் நிறுத்தவர்களுக்கு அந்த அளவு அந்நியமானதன்று. ஒரு தோலா என்பது 180 கிரெய்ன். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடையும் அதே 180 கிரெய்ன்தான். மார்ட்டினிக் குண்டின் எடை 480 கிரெய்ன், அதாவது 31 கிராம், ஏறத்தாழ நாலு பவுன் எடை. பாட்டையா காலத்துப் பொன் தராசு இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டு ஈயக் கட்டிகளுள் அதிகம் சிதையாததை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் வெள்ளி ரூபாய் இரண்டும், அரை ரூபாய் ஒன்றும், வெள்ளி இரண்டணா ஒன்றும் வைத்தேன். முள் நடுவில் வந்து நின்றது. கூட்டிப் பார்த்தால் 472½ கிரெய்ன். மண்ணில் மோதிச் சிதறியதும் காசுகள் தேய்ந்ததும் போக, 480 என்ற கணக்குக்கு இதைவிட நெருங்கிய சாட்சி வேண்டியதில்லை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த ஒரு கட்டி தராசில் தன் பெயரைச் சொல்லிவிட்டதைப் போல் எனக்குத் தோன்றியது.

இந்த 31 கிராம் ஈயத்தை 85 கிரெய்ன், அதாவது ஐந்தரை கிராம் கருமருந்து தள்ளுகிறது. குழல்வாயை விட்டு வெளிவரும்போது வேகம் விநாடிக்கு சுமார் 410 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது ஆற்றல் என்பது பள்ளிப் பாடம். அந்தக் கணக்கில் இது ஏறத்தாழ 2,600 ஜூல். பருத்த ஈயமாதலால், இந்த ஆற்றல் மேலே படும்போது ஆழமான காயத்தை உண்டாக்கும். சுடுபவரின் தோளிலும் பலமாக இடிக்கும்.

இதைவிட வலு வேண்டும் என்றால் மருந்தைக் கூட்டிவிடலாமே என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. விடை மருந்திலேயே இருக்கிறது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது கருமருந்து. எரிந்தபின் அதில் பாதிக்குமேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. துப்பாக்கி வாயிலிருந்து எழும் வெண்புகையும் குழலுக்குள் படியும் கசடும் அதுதான். குண்டைத் தள்ளுவது வாயு மட்டுமே ஆகையால், ஓர் அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினால் புகையும் உதைப்பும் பெருகுமேயன்றி வேகம் அந்த அளவுக்கு ஏறாது. வேகம் ஏறினாலும் மெத்தென்ற ஈயம், குண்டைச் சுழலவைக்கும் குழலின் முறுக்கு வரிகளைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிச் சிராய்ந்துவிடும். எனவே கருமருந்துக் காலத்தில் வலுவைக் கூட்ட ஒரே வழி, குண்டைப் பருமனாக்குவதுதான். யானை வேட்டைக்கென்று நாலு போர் துப்பாக்கி வரை செய்தார்கள். ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அந்த எண்ணே போர் எனப்படும். நாலு போர் என்றால் ஒவ்வோர் உருண்டையும் கால் ராத்தல். நம் பக்கத்தில் காவலுக்கு வைத்திருந்த இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியின் பெயரும் இதே கணக்கில் வந்ததுதான்.

நிலைமையை மாற்றியது புகையில்லா மருந்து. பிரான்சில் பால் வியேய் 1884-இல் அதைச் செய்து காட்டினார். 1886-இல் லெபெல் துப்பாக்கி அதைக் கொண்டு சுட்டது. பிரிட்டிஷார் 1888-இல் .303 தோட்டாவைக் கொண்டுவந்தபோது, வேறு வழியில்லாமல் அதிலும் கருமருந்தையே இறுக்கி அடைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கார்டைட் வந்தது: நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாஸ்லைன் போன்ற தாதுக்களிம்பு 5 பங்கு, எல்லாவற்றையும் பிசைந்து சேமியாவைப் போலக் கயிறு கயிறாகப் பிழிந்தெடுத்தது. அந்த மருந்தைச் செய்வதற்காகத்தான் 1903-இல் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடக்கும்போது, பழைய தோட்டாக்களின் வரலாற்றில் நம் மாநிலத்துக்கு உள்ள பங்கை நினைத்துப் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

மருந்து மாறியதால் விளைந்த வேறுபாட்டை இரண்டே தோட்டாக்களைக் கொண்டு காட்டிவிடலாம். ரிக்பி நிறுவனம் 1898-இல் வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டும் மார்ட்டினிக் குண்டைப் போலவே 480 கிரெய்ன். விட்டமும் ஏறத்தாழ அதே .45 அங்குலம். ஆனால் ஈயத்துக்கு மேல் கடினமான உலோக உறை போர்த்தி, பின்னால் கார்டைட் அடைத்ததால் அதன் வேகம் விநாடிக்கு 655 மீட்டர். ஆற்றல் 2,600-லிருந்து 6,700 ஜூலுக்குத் தாவிவிட்டது. அதே நாலு பவுன் எடை, இரண்டரை மடங்கு வலு.

அந்த .450 தோட்டாவுக்கு நம் நாட்டோடு இன்னோர் உறவும் உண்டு. கலகக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினித் துப்பாக்கிகளுக்கு அந்த அளவுத் தோட்டா உதவிவிடும் என்று அஞ்சி, 1907-இல் இந்தியாவுக்குள் .450 அளவை அரசு தடைசெய்தது. உடனே லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் .465, .470, .475 என்று அளவைச் சற்றே மாற்றிப் புதுப்புதுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்க யானை வேட்டையில் பின்னர் பெரும்புகழ் பெற்ற .470 தோட்டா பிறந்ததற்கு இந்தியாவில் போட்ட ஒரு தடையே காரணம். படை அளவாகிய .303-உம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டிருந்ததால், உரிமம் பெற்றவர்கள் .315 போன்ற அளவுகளை நாடினார்கள். பிற்காலத்தில் ஐயா உரிமத்தோடு வைத்திருந்து, வேட்டை நின்ற பிறகு முறைப்படி ஒப்படைத்த துப்பாக்கியும் .315-தான்.

த்ரீ நாட் த்ரீயை, அதாவது .303-ஐ, நானே சுட்டிருக்கிறேன். என்.சி.சி. முகாமில் கையில் கொடுத்தது ஐந்தே தோட்டா. சுட்டபின் ஐந்து வெற்றுக்கூடுகளையும் பொறுக்கி எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள். கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காமல் சுட்ட முதல் குண்டின் தடம் ஒரு வாரம் தோளில் நீலமாக இருந்தது. 1910-இல் வந்த ஏழாம் மாதிரிக் குண்டு அது: கூர்முனை கொண்டது, எடை 174 கிரெய்ன், ஒரு வெள்ளி ரூபாயைவிடச் சற்றே குறைவு. வேகம் விநாடிக்கு 744 மீட்டர். ஆற்றல் 3,100 ஜூலுக்கு மேல். எடையில் மார்ட்டினிக் குண்டின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த ஒரு சிறு குண்டு, ஆற்றலில் அதை மிஞ்சிவிடுகிறது.

ஆயினும் தூரம் என்ற விஷயத்தில் முதன்மையான வேறுபாடு ஆற்றலில் இல்லை. குண்டு போகும் பாதையின் வளைவில் இருக்கிறது. எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீண்டது. முகப்பு வாசற்படியில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். 240 அடி இருக்கும், அதாவது 80 கெஜம். அந்த நீளத்தை மனத்தில் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். குழல்வாயை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே எந்தக் குண்டும், கையிலிருந்து நழுவிய எலுமிச்சம்பழத்தைப் போல, கீழ்நோக்கி விழத் தொடங்கிவிடுகிறது. மார்ட்டினிக் குண்டு முகப்பிலிருந்து பின்வாசலை அடைவதற்குள் ஆறரை அங்குலம், ஏறக்குறைய முக்கால் சாண் இறங்கியிருக்கும். த்ரீ நாட் த்ரீக் குண்டு அதே தூரத்தில் இரண்டு அங்குலம், மூன்று விரற்கடைகூட இறங்காது. ஒரு வீட்டு நீளத்துக்கே இவ்வளவு வேறுபாடு.

தூரம் கூடக்கூட இந்த வேறுபாடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, அதைவிட வேகமாகப் பெருகுகிறது. 500 கெஜத்தில் உள்ள குறியைத் தொட, மார்ட்டினிக் குண்டு வழியில் 8.1 அடி உயரம் எழும்பி இறங்கவேண்டும் என்று அக்காலப் படைச் சோதனைகள் பதிவு செய்திருக்கின்றன. அதற்கு முந்திய ஸ்னைடர் துப்பாக்கிக்கு அது 11.9 அடி. ஏழாம் மாதிரி .303-க்கு நான் கணக்கிட்டதில் சுமார் இரண்டரை அடி வருகிறது. உயர்ந்து வளைந்து இறங்கும் குண்டு, குறியின் அருகே கூடுதலான சரிவோடு வருகிறது. எனவே சுடுபவர் 500 கெஜத்தை 450 என்று மனத்தால் தவறாக அளந்துவிட்டால், மார்ட்டினிக் குண்டு குறிக்கு மூன்றடிக்கும் கீழே போய்விடும்; .303 ஓர் அடியை ஒட்டித்தான் தவறும். தூரத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில், பொட்டலில் நிற்கும் மானின் தொலைவைக் கண்ணால் பார்த்து ஐம்பது கெஜம் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? பழைய தோட்டாவின் பயன்தரும் தூரத்தைக் கட்டுப்படுத்தியது அதன் வலுவின்மை அன்று. சுடுபவரின் கண் அளவு தரக்கூடிய துல்லியம்தான்.

இனி ஒரு மைல் மானுக்கு வருகிறேன். ஒரு மைல் என்றால் 1,760 கெஜம். காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே போகும் மார்ட்டினிக் குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆகும். வழியில் அது 150 அடிக்கு மேல் உயரவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடியில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடவும் முடிவான சாட்சி ஒன்று உண்டு. ஒலி ஒரு மைல் போக ஐந்து விநாடியும் ஆகாது. வேகம் இழந்த குண்டை வெடிச்சத்தம் வழியிலேயே முந்திக்கொண்டு மானின் காதில் முதலில் விழும். குண்டு அதன் பின்னால், ஒரு விநாடிக்கும் கூடுதலான இடைவெளியில் வந்து சேரும். அதுவரை நின்றுகொண்டிருக்கும் மானை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்தத் தூரத்திலும் குண்டின் வலு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கனத்த ஈயம் எளிதில் வேகத்தை இழக்காது. ஒரு மைலுக்கு அப்பாலும் அதில் ஐந்நூறு ஜூலை ஒட்டிய ஆற்றல் எஞ்சியிருக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று குழல்வாயில் கொண்டிருக்கும் ஆற்றல் அது. அமெரிக்காவில் சாண்டி ஹுக் கடற்கரையில் 1879-இல் நடந்த சோதனையில், 500 கிரெய்ன் ஈயக் குண்டு 2,500 கெஜத்துக்கு அப்பாலும் பலகைகளைத் துளைத்து மணலில் புதைந்தது. கொல்லக்கூடிய தூரம் வேறு, குறி வைக்கக்கூடிய தூரம் வேறு. முன்னது பின்னதைப் போலப் பத்து மடங்குக்கு மேலும் இருக்கலாம். பழைய துப்பாக்கிதானே என்று வானத்தை நோக்கியோ திறந்த வெளியை நோக்கியோ சுடுவதை நான் கடுமையாகக் கண்டிப்பது இதனால்தான்.

வெடிப்பு விட்ட கூட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் அந்த வெடிப்பும் நம் நாட்டு மழைக்காலத்தோடு சம்பந்தப்பட்டது. கழுத்திலிருந்து தோள்வரை மயிரிழையாக இறங்கும் அந்தப் பிளவு, தோட்டாவைச் சுட்டதால் வந்தது என்று பெரியப்பச்சி எண்ணியிருந்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களை ஒட்டி மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே இப்படி வெடித்தன. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, இழுத்து வடித்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தின் வழியே பிளந்துகொண்டு போகிறது என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விளக்கினார்கள். கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வாயிற்று. எங்கள் பெட்டகம் பல ஆண்டுகள் பின்கட்டில், மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையில்தான் இருந்தது. பூதக்கண்ணாடியில் அந்தப் பிளவைப் பார்த்தபோது, பாடப்புத்தகத்துப் படம் ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறதே என்று வியந்தேன். இப்படிப்பட்ட கூட்டில் மருந்தும் குண்டும் இருந்து, யாரேனும் அதைச் சுட முயன்றிருந்தால், வாயு பின்பக்கம் பீறிட்டு முகத்தில் அடித்திருக்கக்கூடும். வெடிக்காத பழைய தோட்டா யார் வீட்டிலாவது கிடைத்தால், அதைத் தட்டிப் பார்க்கவோ பிரிக்கவோ கூடாது. அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி குற்றம்.

கணக்கையெல்லாம் பெரியப்பச்சியிடம் சொன்னேன். சத்தம் குண்டை முந்தும் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பிறகு, "அப்படியானால் பாட்டையா எவ்வளவு தூரத்தில் சுட்டிருப்பார்கள்?" என்று கேட்டார்கள். விடை எங்கள் ஊருணியிலேயே இருந்தது. பாட்டையா நின்று சுடும் இடம் என்று மேற்குப் படித்துறையின் தலைப்பில் ஒரு பட்டியக்கல்லை எல்லோரும் காட்டுவார்கள். ஈயக் கட்டிகள் கிடைத்த இடத்தைப் பெரியப்பச்சி கிழக்குக் கரையில் காட்டினார்கள். அன்று மாலையே நானும் தம்பி மகனும் கெஜக்கோலும் கயிறுமாகப் போய் அளந்தோம்.

கல்லிலிருந்து கரை வரை 122 கெஜம். அந்தத் தூரத்தில் மார்ட்டினிக் குண்டுக்கு இன்னும் இரண்டாயிரம் ஜூலை ஒட்டிய ஆற்றல் இருக்கும். தூரத்தை இருபது கெஜம் தவறாக எண்ணினாலும் குறி ஒரு சாணுக்குள்தான் பிசகும். தம் துப்பாக்கி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பாட்டையா நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் போதும் என்று நான் சொன்னேன். பெரியப்பச்சி கல்லின் மேல் ஏறி நின்று, கிழக்குக் கரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.